தனிப் போக்கு வீரர்கள்

பத்து வயதுப் பையன் ஒருவன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. தினமும் ஒரே தட்டில், ஒரே மாதிரிச் சாப்பாடுதான் வேண்டும் என்கிறான். பள்ளிக்கூடத்துக்கு வழக்கமான தெருவை விட்டு வேறு தெரு வழியாக அழைத்துப் போனால் அழுது ஆகாத்தியம் செய்கிறான். மகிழ்ச்சி வந்துவிட்டாலோ இரண்டு கைகளையும் உரசிக்கொண்டு குதிக்கிறான். ஆனால் ஒரு பந்தையும் ஒரு சுவரையும் கொடுத்துவிட்டால், பொழுது சாயும் வரையில் சிறிதும் சலிப்பின்றி அடித்துப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

இப்படிப்பட்ட பையனைப்பற்றி ஊரார் என்ன சொல்லுவார்கள்? "கர்வம் பிடித்தவன்" என்பார் ஒருவர். "சுத்த மந்தம்" என்பார் மற்றொருவர். "எல்லாம் தாயார் கொடுத்த செல்லம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் காபி சாப்பிடப் போய்விடுவார் மூன்றாமவர். பள்ளிக்கூடத்து வாத்தியார்களாகிய நாங்களும் இந்தத் தீர்ப்பு விஷயத்தில் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. குறிப்பேட்டில் "கவனம் போதாது" என்று எழுதி அனுப்புவது எங்களுக்குக் கை வந்த வழக்கம். சுவரையும் பந்தையும் ஐந்து மணி நேரம் கவனிக்கக்கூடிய குழந்தைக்குக் கவனம் போதாது என்று எழுதுவது எவ்வளவு பொருத்தம் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டியதுதான்.

இத்தகைய இயல்புகள் ஒருங்கே சேர்ந்திருக்கும் நிலைமைக்கு வைத்திய சாஸ்திரத்தில் ஆட்டிஸம் என்று பெயர். அந்த இயல்புகளுடனேயே வளர்ந்து, விளையாட்டைத் தொழிலாகக் கொண்டு, உலகத்தின் முன்வரிசையில் நிற்கும் சிலரைப்பற்றி இங்கே சொல்ல விரும்புகிறேன். அவர்களுடைய வெற்றிகளைக் காட்டிலும், அவர்களை ஜனங்கள் எவ்விதம் அறிந்துகொண்டார்கள், எவ்விதம் தவறாக அறிந்துகொண்டார்கள் என்ற விஷயமே நமக்கு அதிகப் பயன் தருவதாகும்.

பெயர் வந்த கதை

1943ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து டாக்டர் லியோ கானர் என்பவர் பதினொரு குழந்தைகளைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அக் குழந்தைகள் பிறருடன் ஒட்டாமல் தனித்திருந்தன. தம்மைச் சுற்றியுள்ள எதுவும் மாறக் கூடாது என்பதில் அளவற்ற பிடிவாதம் காட்டின. அவற்றின் நிலைமையைக் குறிக்கக் கானர் உபயோகித்த சொல் கிரேக்க மொழியில் "தான்" என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. இது நடந்து எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இடையில் பல காலம் மேல்நாட்டு வைத்தியர்களே, தாயாரிடம் அன்பு போதாததால் குழந்தை இப்படி ஆயிற்று என்று நம்பிவந்தார்கள். நம் ஊர் மூன்றாமவர் செல்லம் அதிகம் என்றார். அவர்கள் செல்லம் குறைவு என்றார்கள். பழி மட்டும் இரண்டிடத்திலும் தாயார் தலையில்தான் விழுந்தது!

அந்தக் கொள்கை பிற்பாடு அடியோடு தள்ளப்பட்டது. ஆட்டிஸம் என்பது மூளையின் வளர்ச்சியிலேயே அமைந்த ஒரு வேறுபாடு என்றும், அதற்குப் பிறப்பிலேயே வேர் இருக்கிறது என்றும் இன்று தெளிவாகத் தெரிகிறது. தொற்றுவதன்று, வளர்ப்பினால் வருவதன்று. 2021ஆம் வருஷத்துக் கணக்கின்படி உலகத்தில் ஏறக்குறைய 127 பேருக்கு ஒருவர் இந்த நிலைமை உள்ளவர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. அவர்களில் எல்லோரும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலருக்குப் பேச்சே வருவதில்லை. சிலர் மணிக் கணக்காகப் பேசுவார்கள். சிலருக்கு வாழ்நாள் முழுவதும் பக்கத்தில் துணை வேண்டும். சிலர் தனியே குடித்தனம் நடத்தி உத்தியோகமும் பார்ப்பார்கள். ஆஸ்பெர்கர் நிலை என்று முன்பு தனியாகச் சொல்லப்பட்டதையும் 2013ஆம் வருஷத்தில் அமெரிக்க மனோ வைத்தியர்கள் ஆட்டிஸம் என்ற பொதுப் பெயரிலேயே சேர்த்துவிட்டார்கள்.

அலைமேல் ஓர் இளைஞர்

பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவே ஹவாய்த் தீவுகள் இருக்கின்றன. அவற்றில் மாவி என்னும் தீவில் வளர்ந்தவர் கிளே மார்ஸோ. 1989ல் பிறந்தவர். மலைபோல் எழும்பிவரும் அலையின்மேல் ஒரு பலகையில் நின்றுகொண்டு சறுக்கி வரும் விளையாட்டு அத் தீவுகளில் பரம்பரையாக உள்ளது. அதில் மார்ஸோ காட்டிய லாகவத்தைக் கண்டு, சிறு வயதிலேயே பெரிய கம்பெனிகள் அவருக்குப் பணம் கொடுத்து ஆதரித்தன.

கடலில் இருக்கும் வரையில் அவருக்கு நிகர் அவரே. கரைக்கு வந்தால்தான் கஷ்டம். ரசிகர்கள் கூட்டமாக வந்து கையெழுத்துக் கேட்டால் அவருக்குத் தாங்காது. பத்திரிகைக்காரர் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் வரும். சில சமயம் அதுவும் வராது. பந்தயத்தில் எந்த அலையைப் பிடித்தால் எத்தனை மதிப்பெண் என்று கணக்குப் போட்டு ஆடுவது அவருக்கு இசையவில்லை. நல்ல அலை ஒன்று வரக் கண்டால் சின்னக் குழந்தை பலகாரத்தைக் கண்டாற்போல் இரண்டு கைகளையும் உரசிக்கொள்ளுவார். பார்த்தவர்கள், "திமிர்", "சோம்பல்", "மரியாதை தெரியாதவர்" என்று வழக்கமான பட்டங்களையெல்லாம் சூட்டினார்கள்.

2007ஆம் வருஷ முடிவில், பதினெட்டு வயதில், அவருடைய நிலைமை ஆஸ்பெர்கர் நிலை என்று வைத்தியர்கள் கண்டு சொன்னார்கள். அடுத்த வருஷம் அவரைப்பற்றி ஒரு திரைப்படமும் வெளிவந்தது. அதன் பெயருக்கு "தண்ணீர் சேர்த்தால் போதும்" என்று பொருள் சொல்லலாம். எவ்வளவு பொருத்தமான பெயர்! அவருடைய நடத்தை முன்னும் பின்னும் ஒன்றாகவேதான் இருந்தது. பார்ப்பவர்களுக்கு அதன் அர்த்தம் விளங்கிவிட்டது என்பதுதான் வித்தியாசம். கைகளை உரசிக்கொள்ளும் வழக்கம் கேலிக்குரியதாக இருந்தது போய், சந்தோஷத்தின் அடையாளமாயிற்று. தான் அலையில் சறுக்கிய படங்களைத் திரும்பத் திரும்ப மணிக் கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது போய், ஒரு வித்துவானின் சாதகமாகத் தோன்றிற்று.

கல் தூக்கும் சகோதரர்

நம் தென் ஜில்லாக் கிராமங்களில் இளவட்டக் கல் என்று ஒன்று கிடப்பதை நேயர்கள் பார்த்திருப்பார்கள். ஸ்காட்லாந்திலும் கல் தூக்கும் வீரத்துக்குப் பழைய மரியாதை உண்டு. அந் நாட்டின் வட பகுதியில் இன்வர்கார்டன் என்னும் சிற்றூரைச் சேர்ந்த டாம் ஸ்டோல்ட்மன், உலகத்தின் மகா பலசாலி என்ற பட்டத்தை 2021, 2022, 2024 ஆகிய மூன்று வருஷங்களில் வென்றவர். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் அப் பட்டத்தை அடைந்தது 2021ல்தான் முதல் தடவை. உயரம் ஆறடி எட்டங்குலம். 2020ல் 286 கிலோகிராம் எடையுள்ள உருண்டைக் கல்லைத் தூக்கிக் கம்பத்துக்கு அப்பால் போட்டு உலக சாதனை நிலைநாட்டினார். நெல் மூட்டை நான்கைக் கட்டி ஒன்றாகத் தூக்குவதென்றாலும் இதற்குக் கொஞ்சம் ஏறக்குறைய இருக்கும். மூட்டைக்காவது பிடித்துக்கொள்ளக் காது உண்டு, உருண்டைக் கல்லுக்கு அதுவும் கிடையாது.

ஐந்து வயதிலேயே டாமுக்கு ஆட்டிஸம் என்று தெரிந்துவிட்டது. பள்ளிக்கூட நாட்கள் அவருக்கு இனிமையாக இருக்கவில்லை. சகமாணவர்களுடன் ஒட்ட முடியவில்லை. அப்போது அவருக்கு வாய்த்த பாக்கியம், பத்து வயது மூத்த தமையனார் லூக். அவரும் பலசாலிதான், தம்பியுடன் அதே போட்டிகளில் கலந்துகொள்ளுகிறவர். கூச்சத்தினால் யாரையும் நிமிர்ந்து பார்க்காத தம்பியைத் தேகப் பயிற்சிச் சாலைக்குக் கையோடு அழைத்துப் போனவர் அவர்தான்.

அங்கே என்ன நடந்தது என்பது கவனிக்கத் தக்கது. இன்ன நேரத்தில் எழுந்திருக்க வேண்டும், இவ்வளவு சாப்பிட வேண்டும், இன்ன எடையை இத்தனை தடவை தூக்க வேண்டும், நாளைக்கும் அதே, நாளன்றைக்கும் அதே. சாதாரணமான இளைஞன் ஒரு மாதத்தில் அலுத்துப்போய்ச் சினிமாவுக்கு ஓடிவிடுவான். டாமுக்கோ அந்த மாறாத ஒழுங்கே மனத்துக்கு நிம்மதியாக இருந்தது. வீட்டில் "பிடிவாதம்" என்று சொல்லப்பட்ட அதே குணம் பயிற்சிச் சாலையில் "சிரத்தை" என்று பெயர் பெற்றது. குணம் ஒன்று, இடம் வேறு, பெயரும் வேறாகிவிட்டது. ஆட்டிஸத்தைத் தமக்கு வாய்த்த அபூர்வ சக்தி என்றே டாம் பகிரங்கமாகச் சொல்லிவருகிறார்.

மறைத்து வைத்த பெண்மணி

ஆண்பிள்ளைகளிடம் இந்த நிலைமை சீக்கிரம் வெளிப்பட்டுவிடுகிறது. பெண்கள் விஷயம் அப்படியல்ல. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவும், விசாரிக்க வேண்டிய இடத்தில் விசாரிக்கவும், பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, தங்கள் சங்கடத்தை மூடி மறைத்துவிடுகிற பெண்கள் அநேகர். கானர் வருணித்த பதினொரு பேரிலும் மூவரே பெண்கள்.

இங்கிலாந்தின் கால்பந்து வீராங்கனை லூசி பிரான்ஸ் இதற்குச் சிறந்த உதாரணம். 1991ல் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது பையன்கள் கோஷ்டியில் சேர்ந்து ஆடினார். பன்னிரண்டு வயதானதும் விதி குறுக்கிட்டு அதைத் தடுத்துவிட்டது. பிரான்ஸ் தேசத்தின் லியான் கோஷ்டிக்கும் ஸ்பெயின் தேசத்தின் பார்ஸிலோனா கோஷ்டிக்கும் ஆடி, ஐரோப்பியச் சாம்பியன் கோஷ்டிகளின் கோப்பையை ஐந்து தடவை வென்றார். 2020ல் உலகத்தின் சிறந்த வீராங்கனை என்ற பரிசையும் பெற்றார். இவ்வளவுக்கும் பிறகு, 2021ல், ஏறக்குறைய முப்பதாவது வயதில்தான், ஆட்டிஸமும், கவனத்தை ஓரிடத்தில் கட்டி நிறுத்த முடியாத மற்றொரு நிலைமையும் தமக்கு இருப்பதை வைத்தியர்கள் மூலம் அறிந்தார். 2025 மார்ச்சு மாதத்தில் அதை உலகறியச் சொன்னார்.

அப்போது அவர் சொன்ன விவரங்கள் மனத்தை உருக்குபவை. பிறர் கண்ணை நேருக்கு நேர் பார்ப்பதும், தோழிகள் கட்டித் தழுவுவதும் இளமையில் அவருக்கு எளிதாக இருக்கவில்லையாம். மற்றவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கவனித்தே பழகிக்கொண்டாராம். கோல் விழுந்ததும் பதினொரு பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஆலிங்கனம் செய்துகொள்ளும் ஆட்டத்தில், இது எத்தகைய தினசரிச் சோதனை என்று எண்ணிப் பாருங்கள்! தமக்குக் கால்பந்தின்மீது உள்ளது வெறும் ஆசையல்ல, விடாப்பிடியான ஒரே நினைவு என்றும், அதைத் தந்தது ஆட்டிஸமே என்றும் அவர் விளக்கினார்.

அதே வருஷம் ஜூலை மாதத்தில் ஸ்விட்ஸர்லாந்தில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் இங்கிலாந்து ஸ்பெயினை வென்று கோப்பையைத் தக்க வைத்துக்கொண்டது. எல்லாம் முடிந்த பிறகுதான், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த காலுடனேயே போட்டி முழுவதும் ஆடியதாக லூசி தெரிவித்தார். உடனே, "பார்த்தீர்களா, ஆட்டிஸத்தின் மகிமை!" என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்லக் கூடாது. ஒருவருடைய விடாமுயற்சிக்கு அவருடைய நிலைமை துணை செய்திருக்கலாம். வலியைப் பொறுத்துக்கொண்டு ஆட வேண்டும் என்று தீர்மானம் செய்தவர் லூசி என்னும் பெண்மணி. அந்தத் தைரியம் அவருடைய சொந்தச் சொத்து.

நான்கு நிமிஷமும் பதின்மூன்று மணியும்

ஒரு மைல் தூரத்தை நான்கு நிமிஷத்துக்குள் ஓட மனிதனால் முடியாது என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தார்கள். 1954ல் இங்கிலாந்தின் ரோஜர் பானிஸ்டர் அதைப் பொய்யாக்கினார். 2016 ஆகஸ்டில் அமெரிக்க இளைஞர் மைக்கி பிரானிகன் அதே தூரத்தை 3 நிமிஷம் 57.58 விநாடியில் ஓடினார். ஆட்டிஸம் உள்ள இவர், குழந்தைப் பருவத்தில் பேசவே வெகு காலம் ஆனவர். அடுத்த மாதம் ரியோ நகரத்துப் பாராலிம்பிக் பந்தயத்தில், அறிவு வளர்ச்சியில் குறை உள்ளவர்களுக்கான 1500 மீட்டர் ஓட்டத்தில் தங்கப் பதக்கம் பெற்றார். ஆட்டிஸம் உள்ளவர்கள் எல்லோருக்கும் அறிவுக் குறை உண்டு என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடலாகாது. சிலருக்கு இரண்டும் சேர்ந்திருக்கும், பலருக்கு இராது.

தொழில் முறையில் ஆடுபவர் அல்லவென்றாலும், நம் கடலோடு சம்பந்தப்பட்ட ஒரு பெயரையும் இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2022 மார்ச்சு 20ஆம் தேதி பம்பாய் நகரத்துச் சிறுமி ஜியா ராய், இலங்கைத் தலைமன்னாரில் கடலில் இறங்கிப் பாக் ஜலசந்தியை நீந்திக் கடந்து, தநுஷ்கோடிக்கு அருகில் அரிச்சல்முனையில் கரை ஏறினார். தூரம் சுமார் 29 கிலோமீட்டர், நேரம் 13 மணி 10 நிமிஷம், வயது பதின்மூன்று. அவரும் ஆட்டிஸம் உள்ளவரே. பேச்சினால் உலகத்தோடு பழகக் கஷ்டப்படும் குழந்தை, ஜலத்தோடு பதின்மூன்று மணி நேரம் பழகியது!

ஏன் விளையாட்டில்?

இவர்களுக்கு விளையாட்டு ஏன் கைகொடுக்கிறது என்பதற்குக் காரணம் தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. உலக வாழ்க்கையின் விதிகள் எங்கும் எழுதப்படவில்லை. "சாப்பிட்டுவிட்டுப் போகலாமே" என்று ஒருவர் சொன்னால், நிஜமாகவே சாப்பிடச் சொல்கிறாரா, உபசாரத்துக்குச் சொல்கிறாரா என்பதை அவர் குரலிலிருந்து ஊகிக்க வேண்டும். ஆட்டிஸம் உள்ளவர்களுக்கு இந்த ஊகம்தான் கடினம். ஆடுகளத்திலோ கோடு போட்டிருக்கிறது. பந்து கோட்டைத் தாண்டினால் தாண்டியதுதான். அதற்கு உள்ளர்த்தம் கிடையாது. செய்ததையே ஆயிரந்தடவை செய்வது அங்கே குற்றமல்ல, அதற்குத்தான் பரிசு. அன்றியும், நீரின் அழுத்தம், பாரத்தின் கனம், ஓட்டத்தின் தாளம் ஆகியவை சிலருடைய கூர்மையான புலன்களுக்கு அமைதி தருகின்றன.

ஆனால் மைதானம் மட்டுமே விளையாட்டு அல்ல. கூட்டத்தின் ஆரவாரம், கண்ணைக் குத்தும் விளக்கு, ஊர் ஊராக யாத்திரை, திடீரென்று மாறும் பயிற்சியாளர், பேட்டி, விருந்து எல்லாம் உண்டு. இவற்றில்தான் இவர்கள் களைத்துப்போகிறார்கள். இவற்றைக் கொஞ்சம் இலகுவாக்குவது பெரிய காரியமல்ல. நாளைய நிகழ்ச்சியை இன்றே எழுதிக் கொடுத்துவிடுவது. சுற்றி வளைக்காமல் நேராகச் சொல்லுவது. ஒதுங்கி உட்கார அமைதியான ஓர் அறை. இங்கிலாந்தில் ஸண்டர்லண்ட் கால்பந்துக் கோஷ்டியார், ஆட்டம் பார்க்க வரும் இத்தகைய குழந்தைகளுக்காகவே 2015ல் தங்கள் மைதானத்தில் சத்தம் புகாத அறை ஒன்று அமைத்தார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்

பாராட்டும் உற்சாகத்தில் இரண்டு தவறுகள் நேரக்கூடும். முதலாவது, கண்டவர்களுக்கெல்லாம் இந்தப் பெயரைச் சூட்டுவது. 2013ல் அர்ஜென்டினாவின் பிரசித்த வீரர் லியோனல் மெஸ்ஸிக்கு ஆட்டிஸம் உண்டு என்று ஒரு வதந்தி கிளம்பியது. பிரேஸில் தேசத்துப் பழைய வீரர் ரோமாரியோவும் அதை எடுத்துச் சொல்லவே, உலகம் முழுவதும் பரவிற்று. அது ஆதாரமற்றது என்று மறுக்கப்பட்ட பின்பும் இன்று வரையில் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கூச்சமுள்ளவர் எல்லோரும் ஆட்டிஸம் உள்ளவர் ஆகமாட்டார். வைத்தியர் ஆராய்ந்து சொல்ல வேண்டும். சம்பந்தப்பட்டவர் தாமே விரும்பி வெளியிட வேண்டும். லூசி பிரான்ஸ் தாம் அறிந்த பிறகும் நான்கு வருஷம் காத்திருந்து, தமக்குத் தோன்றிய வேளையில் சொன்னார். அந்த உரிமை அவருடையது, பத்திரிகைகளுடையதன்று, ரசிகர்களுடையதுமன்று.

இரண்டாவது தவறு இன்னும் நுட்பமானது. ஸ்டோல்ட்மன் தம் நிலைமையை அபூர்வ சக்தி என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லும் உரிமையை அவர் சம்பாதித்திருக்கிறார். நாம் அதையே எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுத் தாயாரிடம் போய், "கவலைப்படாதேயுங்கள் அம்மா, உங்கள் பிள்ளையிடமும் ஏதோ ஓர் அபூர்வ சக்தி ஒளிந்திருக்கும்" என்று ஆறுதல் சொன்னால், அது ஆறுதலாகாது. தன் பையன் தானே சட்டைப் பொத்தான் போட்டுக்கொள்ள வேண்டுமே என்று இரவெல்லாம் விழித்திருப்பவள் அவள். அந்தப் பிள்ளை கல் தூக்கவும் வேண்டாம், கடல் தாண்டவும் வேண்டாம். பதக்கம் வாங்கினால்தான் மரியாதை என்று வைத்துவிட்டால், பழைய அவமதிப்பையே புதிய வேஷத்தில் கொண்டுவந்தவர்களாவோம்.

அப்படியானால் இந்த வீரர்களைக் கொண்டாடுவதன் பயன் என்ன? நம் கண்ணைப் பழக்கிக்கொள்வதுதான். மார்ஸோ கைகளை உரசிக்கொள்வதன் பொருளை அறிந்தவர், அடுத்த வீட்டுக் குழந்தை கைகளை உதறிக்கொண்டு குதிப்பதைக் கண்டு சிரிக்கமாட்டார். லூசி கட்டித் தழுவுவதைக் கற்றுக்கொள்ளப் பட்ட பாட்டை அறிந்தவர், "மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு" என்று குழந்தையை நிர்ப்பந்தம் செய்யமாட்டார்.

நமது தேசத்தில் 2016ஆம் வருஷத்துச் சட்டம் ஆட்டிஸம் உள்ளவர்களையும் தன் பாதுகாப்பில் சேர்த்திருக்கிறது. சர்க்கார் பணமோ அங்கீகாரமோ பெற்ற கல்வி ஸ்தாபனங்கள் அவர்களை வேற்றுமை பாராட்டாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும், மற்றவர்களுக்குச் சமமாக விளையாட்டிலும் இடம் தர வேண்டும் என்றும் அது விதிக்கிறது. சட்டம் மைதானத்தின் கதவைத் திறந்துவிடும். உள்ளே போன குழந்தையைக் கோஷ்டியில் சேர்த்துக்கொள்ளுவது வாத்தியார்கள், மற்றக் குழந்தைகள், அக் குழந்தைகளின் தாய் தந்தையர் ஆகிய நம் எல்லோருடைய பொறுப்பு.

ஆகவே, மாலை வேளையில் உங்கள் தெருவில் குழந்தைகள் பந்தாடும்போது ஒரு குழந்தை மட்டும் தனியே நின்று சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருந்தால், அதன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதில் உடனே வராவிட்டால் பாதகமில்லை, கொஞ்சம் காத்திருங்கள். வந்தால் ஆடட்டும். வராவிட்டால் சுவரோடு ஆடட்டும். யாரும் கேலி செய்யாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.